லிஸ்பன் கோயில் முற்றத்துக் கல்

யூபிலி என்றதும் நமக்குக் கொடியேற்றமும் கொட்டு முழக்கமும் தேர்ப்பவனியும் அசன விருந்துமே நினைவுக்கு வருகின்றன. அதில் தவறொன்றும் இல்லை. ஐம்பது ஆண்டுகளாக ஆண்டவர் நம்மைக் காத்து வந்ததற்கு வாயாரப் பாடாமல் வேறென்ன செய்வது? ஆனால் இச்சொல் பிறந்த இடத்தைத் தேடிப் போனால் வேறொரு செய்தியும் கிடைக்கிறது. யோபேல் என்பது எபிரேய மொழியில் ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறிக்கும் சொல். ஏழு ஏழாண்டுகள் கழிந்து ஐம்பதாவது ஆண்டு வரும்போது நாடெங்கும் அந்தக் கொம்பை ஊதவேண்டும் என்று லேவியர் ஆகமத்தின் 25-ஆம் அதிகாரம் விதிக்கின்றது. எந்த நாளில் ஊதுவது? அறுவடைத் திருநாளிலும் அன்று, பாஸ்காத் திருநாளிலும் அன்று. ஏழாம் மாதம் பத்தாம் நாள், மக்கள் அனைவரும் நோன்பிருந்து தங்கள் பாவங்களுக்குப் பரிகாரம் தேடும் நாளில் ஊதவேண்டும். பரிகார நாளின் வாசல் வழியாகத்தான் யூபிலி ஆண்டு உள்ளே வருகிறது.

மலர்க் குழுவினர் நம்மிடம் கட்டுரை கேட்டபோது, பங்கின் வரலாற்றை எழுதித் தருவோம் என்றே எதிர்பார்த்தனர். அதனைப் பங்கின் மூத்தவர்கள் இம்மலரின் முற்பகுதியில் நம்மைவிடச் சிறப்பாக எழுதியிருக்கின்றனர். கோயில் கட்டக் கல் சுமந்தவர்கள் பேசும்போது இடையில் வந்த நாம் என்ன சொல்வது? ஆகவே நமக்கு ஒதுக்கப்பட்ட பக்கங்களில் இன்னொரு கோயிலைப் பற்றியும், அதன் முற்றத்தில் நிற்கும் ஒரு கல்லைப் பற்றியும் எழுதத் துணிந்தோம். "விழா மலரில் இதெல்லாம் எதற்குச் சாமி?" என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். படித்து முடித்தபின் கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அந்தக் கோயில் போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனில் இருக்கிறது. பாத்திமா திருத்தலத்துக்குப் போகும் நம் நாட்டுத் திருப்பயணிகளில் பலர் அந்நகரில் இறங்கித்தான் போகின்றனர். பதுவைப் பதியர் என்று நாம் போற்றும் புனித அந்தோணியார் பிறந்த ஊர் லிஸ்பன் ஆகையால், அவர் பிறந்த இடத்தின்மேல் எழுந்துள்ள கோயிலில் முழந்தாளிட்டுவிட்டு, நேரே பாத்திமாவுக்குப் பேருந்து ஏறிவிடுகின்றனர். ஆனால் அந்தோணியார் கோயிலிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் ரோசியூ என்னும் பெருஞ்சதுக்கம் இருக்கிறது. அதன் மூலையை ஒட்டிச் சிறிய சதுக்கம் ஒன்று உண்டு. நம் முன்னோர் சாமிநாதர் என்று தமிழாக்கி வழங்கிய புனித தோமினிக்கின் கோயில் அங்கே இருப்பதால் அதற்குச் சாமிநாதர் சதுக்கம் என்று பெயர்.

பார்வைக்குச் சாதாரணமான இடம். ஒரு பக்கம் சேரிப்பழ மதுவைச் சிறு கிண்ணங்களில் ஊற்றி விற்கும் பழைய கடை. சதுக்கம் முழுவதும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் கூட்டங்கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருப்பர். (பழைய காலத்தில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களுக்கென்று ஜெபமாலை மாதா சபை ஒன்று இதே கோயிலில் இருந்தது. வழிவழியாக வந்த பழக்கம்போலும்.) அந்த நடமாட்டத்தின் நடுவே, ஒரு பக்கம் தட்டையாக வெட்டப்பட்ட பருத்த உருண்டைக் கல் ஒன்று நிற்கிறது. தட்டைப் பக்கத்தில் தாவீதின் ஆறுமுனை விண்மீன். 1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் இச்சதுக்கத்தில் தொடங்கிய படுகொலையில், மதவெறிக்கும் சகிப்பின்மைக்கும் பலியாகிக் கொல்லப்பட்ட ஆயிரக்கணக்கான யூதரின் நினைவாக நிறுத்தப்பட்டது என்று அதில் பொறிக்கப்பட்டுள்ளது. கூடவே யோபு ஆகமத்திலிருந்து ஒரு வசனம்: தன் இரத்தத்தை மூடி மறைக்க வேண்டாம் என்று யோபு பூமியை நோக்கிக் கதறும் வசனம்.

பூமி மூடவில்லை. ஆனால் அந்த ஊரார் சுமார் ஐந்நூறு ஆண்டுகள் மூடித்தான் வைத்திருந்தனர். கல் நிறுத்தப்பட்டது 2008-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில்.

இச்சதுக்கம் நமக்கு அந்நிய இடம் அன்று. நம் கடற்கரை மக்களின் ஞானத்தந்தையாகிய புனித சவேரியார் பிறந்தது 1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், நவார் நாட்டில். அவர் தொட்டிலில் கிடந்த பன்னிரண்டாம் நாள்தான் லிஸ்பனில் இந்த இரத்தம் சிந்தப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப்பின் அவர் இந்தியாவுக்குக் கப்பலேறியதும் லிஸ்பனிலிருந்தே. மறவ நாட்டில், ஓரியூர் மணலில் 1693-இல் தம் தலையைக் கொடுத்த புனித அருளானந்தர் 1647-இல் பிறந்ததும் அந்நகரில்தான். நமக்கு நற்செய்தியைக் கொணர்ந்த கப்பல்கள் புறப்பட்ட துறை அது. அந்தத் துறையின் நன்மையைப் பேசுகிற நாம் அதன் மறுபக்கத்தையும் அறிந்திருக்க வேண்டாமா?

வலுக்கட்டாயத் திருமுழுக்கு

1492-இல் ஸ்பெயின் நாட்டு அரசரும் அரசியும் தங்கள் நாட்டு யூதர் அனைவரையும் வெளியேற்றினர். பல்லாயிரம் பேர் எல்லை தாண்டிப் போர்த்துக்கல் வந்தனர். அங்கே ஆண்ட இரண்டாம் யோவான் மன்னர் தலைக்கு இவ்வளவு என்று வரி வாங்கிக்கொண்டு எட்டு மாதம் தங்க அனுமதித்தார். தவணை முடிந்தும் வெளியேற வழியற்றவர்கள் அடிமைகளாயினர். அவர்களுடைய சிறு பிள்ளைகள் பறிக்கப்பட்டு ஆப்பிரிக்கக் கரையோரத்துச் சாந்தோமே தீவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். காட்டில் விடப்பட்ட அக்குழந்தைகளில் மிகப் பலர் மாண்டனர். அத்தீவின் பெயர் நம் மயிலைத் தோமையாரின் பெயர் என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

1495-இல் மனுவேல் அரசரானார். முதலில் அந்த அடிமைகளை விடுவித்தார். நல்ல தொடக்கம். ஆனால் அவருக்கு ஸ்பெயின் அரச மகளை மணக்கும் ஆசை வந்தது. பெண் வீட்டார் விதித்த நிபந்தனை, யூதர் இல்லாத நாட்டுக்கே எங்கள் மகள் வருவாள் என்பது. எனவே 1496 டிசம்பரில், பத்து மாதங்களுக்குள் யூதர் அனைவரும் நாட்டைவிட்டுப் போகவேண்டும் என ஆணை பிறந்தது. ஆணையைப் பிறப்பித்தபின் அரசருக்கு இன்னொரு கவலை. மருத்துவரும் வணிகரும் கைவினைஞரும் வான்கணிதம் வல்லவரும் போய்விட்டால் நாடு என்னாவது? வாஸ்கோ ட காமாவின் கடற்பயணத்துக்கு உதவிய வான்கணிப்பு அட்டவணைகளை இயற்றிய ஆபிரகாம் சக்கூத்தோவே ஒரு யூதர்தாம். ஆகவே அவர்களை விரட்டவும் மனமில்லை. யூதராக வைத்துக்கொள்ளவும் வழியில்லை. அரசர் கண்டுபிடித்த வழி திருமுழுக்கு.

1497-ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளை ஒட்டி யூதப் பிள்ளைகள் பெற்றோரின் கைகளிலிருந்து பறிக்கப்பட்டுத் திருமுழுக்கு அளிக்கப்பட்டனர். கப்பலேற வந்த பெரியவர்களை லிஸ்பனில் ரோசியூ சதுக்கத்து எஸ்தாவுஸ் மாளிகையில் அடைத்து வைத்தனர். உணவின்றியும் நீரின்றியும் கிடந்து தளர்ந்தவர்கள்மேல் தண்ணீர் ஊற்றப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 8-ஆம் நாள் அதே நகரிலிருந்து வாஸ்கோ ட காமா இந்தியாவை நோக்கிப் பாய் விரித்தார்.

அன்றைய திருச்சபையின் போதனையே இப்படி இருந்ததா என்று நம் இளைஞர் கேட்கலாம். இல்லை. யூதரை வற்புறுத்தித் திருமுழுக்குக் கொடுத்தல் ஆகாது என்று ஆறாம் நூற்றாண்டிலேயே பாப்பரசர் பெரிய கிரகோரியார் ஆயர்களுக்கு எழுதினார். யூதரின் குழந்தைகளுக்குப் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகத் திருமுழுக்கு அளிப்பது இயற்கை நீதிக்கே முரண் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குயினார் தெளிவாக வரைந்தார். அவர் சாமிநாதர் சபைத் துறவி என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது தேர்வுக்குரிய பாடமாகவே நாம் அதைப் பார்த்தோம். அரசரின் ஆலோசனைச் சபையிலேயே எதிர்த்துப் பேசியவர் உண்டு. அல்கார்வே ஆயர் பெர்னாந்து கொத்தீனியு என்பவர், மக்களைத் தலைமயிரைப் பிடித்துத் திருமுழுக்குத் தொட்டிக்கு இழுத்து வந்ததைத் தம் கண்ணால் கண்டதாகவும், அத்திருமுழுக்குச் செல்லாது என்றும் பிற்காலத்தில் சாட்சியம் கூறினார். உண்மை தெரியாததால் நேர்ந்த குற்றம் அன்று இது. தெரிந்தும் நேர்ந்தது.

இவ்வாறு முழுகி எழுந்தவர்களுக்குப் 'புதுக் கிறிஸ்தவர்' என்று பெயர் வைத்தனர். மற்றவர் 'பழைய கிறிஸ்தவர்'. இருபது ஆண்டுகளுக்குப் புதியவர்களின் விசுவாசத்தைத் துருவி ஆராய்வதில்லை என்று அரசர் வாக்களித்தார். பெயர்கள் மட்டும் இருபது ஆண்டில் மறையவில்லை. பேரன் பேத்தி காலத்திலும் புதுக் கிறிஸ்தவன் புதுக் கிறிஸ்தவனாகவே இருந்தான். குருப்பட்டம், அரசுப் பதவி முதலியவற்றுக்கு இரத்தத் தூய்மை பார்க்கும் வழக்கம் பின்னாளில் வேரூன்றியது. இதே போர்த்துக்கீசியர் நம் நாட்டுக்கு வந்து இங்குள்ள பிரிவுகளைக் கண்டபோது, குலம் வம்சம் என்ற பொருளில் அவர்கள் நாட்டில் வழங்கிய 'காஸ்தா' என்ற சொல்லையே அவற்றுக்கு இட்டனர். உலகமெங்கும் இன்று சாதியைக் குறிக்க வழங்கும் சொல் அதிலிருந்து வந்ததே. ஒரே கோயிலுக்குள் சாதிக்கொரு பக்கம் என்று சுவர் நின்ற கதைகளை நம் பாட்டனார் வாயிலாகக் கேட்டவர்கள் நாம். விரிக்க விரும்பவில்லை; புரிகிறவர்களுக்குப் புரியும்.

மூன்று நாள்

1505-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து லிஸ்பனில் கொள்ளைநோய். மழையும் பொய்த்தது. தானியம் குறைந்தது. வசதி படைத்தோர் ஊரைவிட்டு வெளியேறினர். அரசரும் அவையோடு வேறிடம் சென்றிருந்தார். எஞ்சியவர்கள் கோயில்களில் கூடி மன்றாடினர். இத்தகைய காலங்களில் மக்கள் மனம் பழிபோட ஓர் ஆளைத் தேடும். 2020-இல் கொரோனா பரவியபோது, யார் கொண்டுவந்தது என்ற பேச்சு நம் தெருக்களில் எப்படி ஓடியது என்பதை நாம் மறந்திருக்கமாட்டோம். லிஸ்பனில் விரல்கள் புதுக் கிறிஸ்தவரை நோக்கி நீண்டன.

ஏப்ரல் 19, ஞாயிற்றுக்கிழமை. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு. பழைய வழிபாட்டு முறையில், புதிதாகத் திருமுழுக்குப் பெற்றோர் தங்கள் வெண்ணாடைகளைக் களைவதை ஒட்டி அந்த ஞாயிற்றுக்குப் பெயர் வழங்கி வந்தது. சாமிநாதர் கோயிலில் இயேசுவின் சிற்றாலயம் என்ற பகுதியில் இருந்த பாடுபட்ட சுரூபத்தில் ஓர் ஒளி தெரிவதாக மக்கள் கண்டனர். புதுமை, புதுமை என்ற குரல் எழுந்தது. கூட்டத்தில் நின்ற புதுக் கிறிஸ்தவர் ஒருவர், சுரூபத்தின் பக்கத்தில் ஏற்றிய மெழுகுதிரியின் வெளிச்சம்போலத் தெரிகிறதே என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. தலைமயிரைப் பிடித்து வெளியே இழுத்து வந்து, சதுக்கத்தில் அடித்துக் கொன்று, அங்கேயே தீ மூட்டி உடலை எரித்தனர்.

உரோமை வழிபாட்டில் அந்த ஞாயிறு வாசிக்கப்படும் நற்செய்தி எது என்று உங்களுக்குத் தெரியும். ஆண்டுதோறும் கேட்கிறீர்கள். தோமையார் ஐயப்பட்ட நிகழ்ச்சி. காணாமல் நம்பமாட்டேன் என்றவரை ஆண்டவர் வெளியே இழுத்துத் தள்ளவில்லை. எட்டு நாள் பொறுத்திருந்து வந்து, தம் விலாவைத் திறந்து காட்டினார்.

இத்துடன் நின்றிருக்கலாம். ஒருவனைக் கொன்ற கூட்டம் தன் செயலைக் கண்டு தானே மலைத்து நிற்கும் நேரம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் ஒரு துறவி எழுந்து பிரசங்கம் செய்து மக்களைத் தூண்டினார். வேறு இரு துறவியர் பாடுபட்ட சுரூபத்தைக் கையில் உயர்த்திப் பிடித்து, பதிதம், பதிதம் என்று கூவிக்கொண்டு தெருவில் இறங்கினர். துறைமுகத்தில் நின்ற ஒல்லாந்து, செருமானியக் கப்பல்களின் மாலுமிகள் கொள்ளையடிக்க நல்ல வாய்ப்பென்று வந்து சேர்ந்தனர். அன்று மட்டும் ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டதாக அரசாங்க வரலாற்றாசிரியராகிய தமியான் தெ கோயிஸ் எழுதுகின்றார். திங்களன்று கூட்டம் இன்னும் பெருகியது. வீடு வீடாக நுழைந்தனர். தொட்டில் குழந்தைகளையும் விடவில்லை. கோயிலுக்குள் ஓடிப் பீடத்தையும் சிலுவையையும் சுரூபங்களையும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவர்களைப் பிய்த்து இழுத்து வந்து உயிரோடும் பிணமாகவும் நெருப்பில் எறிந்தனர். சொந்தப் பகையைத் தீர்த்துக்கொள்ள, யூத இரத்தமே இல்லாத பழைய கிறிஸ்தவர்களையும் 'இவனும் அவர்களில் ஒருவன்' என்று காட்டிக்கொடுத்துக் கொன்றவர்கள் உண்டு. செவ்வாயன்று கொலை ஓய்ந்தது. மனம் இளகியதால் அன்று. கொல்வதற்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டதால். இறந்தோர் 1,900-க்கு மேல் என்கிறார் கோயிஸ். 4,000 என்று எழுதியவர்களும் உண்டு.

பயந்தவர்களைத் தம் வீடுகளில் ஒளித்துக் காத்த நல்லவர்களும் அந்நகரில் இருந்தனர் என்று அதே வரலாறு கூறுகிறது. அவர்கள் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. தூண்டிவிட்டவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் வரலாறு, கதவைத் திறந்துவிட்டவர்களை ஒரு வரியில் முடித்துவிடுகிறது.

பிரசங்க மேடையில் ஏறி நிற்கும் குருக்களாகிய நமக்கு இந்த வரலாற்றில் மிகவும் உறுத்தும் இடம், அந்தச் சுரூபம் உயர்ந்த கணம்தான். சனங்கள் நம் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு சொல் போதும். அன்று அங்கே நின்ற துறவியரில் ஒருவரேனும் கதவை மறித்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர்கள் வாழ்ந்த மடத்தின் நூலகத்திலேயே அக்குயினாரின் நூல்கள் இருந்திருக்கவேண்டும்.

மனுவேல் அரசர் செய்தி கேட்டுச் சினம் கொண்டார். தூண்டிவிட்ட இரு துறவியரும் குருத்துவ நிலையிலிருந்து நீக்கப்பட்டுக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டனர். கொலைகாரர் பலர் தூக்கிலிடப்பட்டனர். தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் சொத்தில் ஐந்திலொரு பங்கு பறிமுதலாயிற்று. பார்த்துக்கொண்டிருந்ததற்கும் தண்டனை என்பது கவனிக்கத்தக்கது. மாலுமிகள் மட்டும் கொள்ளைப் பொருளோடு பாய் விரித்துப் போய்விட்டனர். 1507 மார்ச்சில் புதுக் கிறிஸ்தவர் விரும்பினால் நாட்டைவிட்டுப் போகலாம் என்று அரசர் அனுமதித்தார். வலுக்கட்டாயம் செய்தவரும் அவரே என்பதால் அவருடைய நீதியை நாம் பெரிதாகப் புகழத் தோன்றவில்லை.

நம் கரைவரை வந்த நிழல்

1536-இல் போர்த்துக்கலில் மத விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. லிஸ்பனில் அது குடிகொண்ட இடம் அதே எஸ்தாவுஸ் மாளிகை. திருமுழுக்குக்காக மக்களை அடைத்து வைத்த கட்டடத்திலேயே அவர்களின் பிள்ளைகள் விசாரணைக்குக் காத்துக் கிடந்தனர். இன்று அவ்விடத்தில் நாட்டின் தேசிய நாடக அரங்கம் நிற்கிறது. மேலே நாம் சொன்ன வரலாற்றாசிரியர் கோயிஸையும் முதுமையில் அந்த மன்றம் பிடித்துச் சிறையில் அடைத்தது.

1540-இல் கப்பலுக்காக லிஸ்பனில் காத்திருந்த சவேரியார், அம்மன்றத்தின் கைதிகளை நாள்தோறும் சந்தித்து ஆறுதல் கூறிவந்தார். அவருடைய கருணையை அறிந்த நமக்கு இது வியப்பன்று. ஆனால் அதே சவேரியார் 1546-இல் மொலுக்கத் தீவுகளிலிருந்து அரசருக்கு எழுதிய மடலில், இந்தியாவுக்கும் மத விசாரணை மன்றம் வேண்டும் என்று கேட்டார் என்பதும் உண்மை. இதை மறைத்து எழுதினால் நாம் வரலாறு எழுதியவர்கள் ஆகமாட்டோம். அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து 1560-இல் அம்மன்றம் கோவாவில் அமைந்தது, 1812-வரை நீடித்தது. நம் நாட்டு மூலிகைகளை ஆராய்ந்து 1563-இல் கோவாவில் அரிய நூலொன்றை அச்சிட்ட மருத்துவர் கார்சியா த ஓர்த்தா ஒரு புதுக் கிறிஸ்தவர். அவர் இறந்தபின் அவர் தங்கை எரிக்கப்பட்டார். 1580-இல் அவருடைய எலும்புகளையும் தோண்டியெடுத்து எரித்தனர். புனிதர்களும் தம் காலத்துக் கண்ணாடி வழியாகவே பார்த்தனர். அவர்களைப் பீடத்தில் வைத்து வணங்கும் நாம், அவர்கள் கேட்ட எல்லாவற்றையும் வணங்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர்.

எதிர்த்தவர்கள் இல்லாமற் போகவில்லை. லிஸ்பனில் பிறந்த மற்றொரு சேசுசபைக் குரு அந்தோனியோ வியெய்ரா. போர்த்துக்கீசிய மொழியின் ஈடிணையற்ற பிரசங்கியார். புதுக் கிறிஸ்தவருக்காக அரசரிடம் வாதாடினார். அதன் பலனாக விசாரணை மன்றத்தின் பகையைத் தேடிக்கொண்டு 1665 முதல் இரண்டாண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்தார். வெளியே வந்ததும் உரோமைக்கே சென்று வழக்காடினார். 1674-இல் பாப்பரசர் போர்த்துக்கீசிய விசாரணை மன்றத்தின் செயல்களை நிறுத்தி வைத்தார். ஏழு ஆண்டுகள் அது வாய் மூடிக் கிடந்தது. அதற்கு முந்திய ஆண்டில்தான் நம் அருளானந்தர் லிஸ்பனைவிட்டுப் புறப்பட்டு வந்தார். பழையவர் புதியவர் என்ற பாகுபாட்டைச் சட்டம் ஒழித்தது 1773-இல். விசாரணை மன்றம் முற்றாக ஒழிந்தது 1821-இல்.

கருகிய தூண்கள்

சாமிநாதர் கோயில் 1531-இலும் 1755-இலும் நிலநடுக்கங்களால் சிதைந்து மீண்டும் எழுந்தது. அரச குடும்பத்துத் திருமணங்கள் அங்கே நடந்தன. 1959 ஆகஸ்டு மாதத்தில் பெருந்தீ பற்றிக் கூரையும் பீடங்களும் எரிந்து வீழ்ந்தன. அணைக்கப் போன தீயணைப்பு வீரர் இருவர் உயிர் துறந்தனர். 1994-இல் கோயில் மறுபடி திறக்கப்பட்டபோது ஒரு காரியம் செய்தனர். கூரையைப் புதிதாகப் போட்டனர். ஆனால் நெருப்பில் வெடித்துக் கருகிய தூண்களையும் சுவர்களையும் பூசி மெழுகாமல் அப்படியே விட்டுவிட்டனர். அந்தக் கரிந்த தூண்களுக்கு நடுவே இன்றும் திருப்பலி நடைபெறுகிறது. நம் கோயிலுக்கு யூபிலி வர்ணம் அடிக்க எவ்வளவு செலவாயிற்று என்பது நிதிக் குழுவினருக்குத் தெரியும்; அவர்களை நாம் குறை கூறவில்லை. ஆனாலும் அத்தூண்களை விட்டுவைக்க முடிவு செய்தவர்களின் துணிவு பெரிது.

2000-ஆம் ஆண்டு மாபெரும் யூபிலி. அவ்வாண்டு மார்ச் 12-ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் (இன்று புனிதர்) புனித இராயப்பர் பேராலயத்தில் திருச்சபையின் பிள்ளைகள் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் பகிரங்கமாக மன்னிப்பு வேண்டினார். இஸ்ராயேல் மக்களுக்கு இழைத்த தீங்கும் அவற்றுள் ஒன்று. அதைத் தொடர்ந்து செப்டம்பர் 26-ஆம் நாள் லிஸ்பனின் பிதாப்பிதா யோசே பொலிக்கார்ப்பு, அந்நகரின் நடுவே எபிரேய மக்களுக்கு எதிராக நடந்த பொறுக்க முடியாத கொடுமைகளை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு பேசினார். அவருடைய அச்சொற்கள்தாம் 2008-இல் சதுக்கத்தில் திருச்சபையின் சார்பில் வைக்கப்பட்ட கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. யூதரின் கல், திருச்சபையின் கல், 'லிஸ்பன் சகிப்புத்தன்மையின் நகர்' என்று 34 மொழிகளில் எழுதிய மாநகராட்சியின் சுவர் ஆகிய மூன்றும் அங்கே ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. அந்த 2000-ஆம் ஆண்டிலேதான், உயிர்ப்புக்கு அடுத்த ஞாயிறு இறை இரக்க ஞாயிறு என்று பெயர் பெற்றது.

இங்கே ஒரு கேள்வி நம்மை நெடுநாள் அலைக்கழித்தது. அன்று கொல்லப்பட்டவர்கள் யார்? யூதர் என்கிறது கல். ஆனால் அவர்கள் யாவரும் திருமுழுக்குப் பெற்றவர்கள். சட்டப்படி அவர்கள் லிஸ்பன் பங்குகளின் மக்கள். முதலில் கொல்லப்பட்டவர் அந்த ஞாயிறு கோயிலுக்குள் நின்றவர். கொன்றவர்களும் முழுகியவர்கள், செத்தவர்களும் முழுகியவர்கள். அப்படியானால் நம் யூபிலி ஆண்டில் இறந்த விசுவாசிகளுக்காக ஒப்புக்கொடுக்கும் திருப்பலியில் அவர்களையும் சேர்ப்போமா என்று முதலில் எண்ணினோம். பங்குப் பேரவையிலும் சிலர் அதை விரும்பினர். எண்ணிப் பார்க்கப் பார்க்க மனம் ஒப்பவில்லை. தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்து ஒருமுறை நம் கணக்கில் எழுதினோம். இப்போது அவர்களைக் கேளாமலே மறுபடியும் நம் கணக்கில் எழுதுவதா? அவர்களுடைய மக்கள் தங்கள் முன்னோரைத் தங்கள் பெயரால், தங்கள் விண்மீனின் கீழ் நினைவுகூர்கின்றனர். அதில் நாம் கைவைத்தல் முறையாகாது. நாம் வேண்டவேண்டியது அவர்களுக்காக அன்று, நமக்காக.

ஆகவே விழாவுக்கு முந்திய வெள்ளிக்கிழமை மாலை ஒப்புரவு வழிபாடு நடத்துவதென்று முடிவு செய்தோம். கொடியேற்றத்துக்கு முன்பே அது நடக்கவேண்டும் என்பதில் மட்டும் நாம் பிடிவாதமாக இருந்தோம். இம்மலர் உங்கள் கைகளுக்கு வரும்போது அது முடிந்திருக்கும். அன்று வந்தவர்களில் பலர், யூபிலி நேரத்தில் கோயில் மணி ஏன் அடிக்கவில்லை, மணிக்கயிறு அறுந்துவிட்டதா என்று உபதேசியாரிடம் கேட்டதாக அறிந்தோம். கயிறு நன்றாகத்தான் இருக்கிறது. வழிபாடு முடிந்தபின் அடித்தோம்.